ஒரு வாரக் காவல்: நியூ டஞ்சனெஸ் கலங்கரை விளக்கத்தில் தன்னார்வலராகத் தங்குவது எப்படி?

கலங்கரை விளக்கத்தைக் காப்பது என்றதும் விளக்கேற்றுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். அந்த வேலை இன்று உங்களுக்கு இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஹுவான் டி ஃபூகா நீரிணையின் தென்கரையை ஒட்டி நிற்கும் நியூ டஞ்சனெஸ் கலங்கரை விளக்கத்தில் விளக்கு தானாகவே எரிகிறது. அதைக் கவனிக்கும் பொறுப்பு கடலோரக் காவல்படையுடையது. ஆனாலும் ஆண்டு முழுக்க, வாரத்துக்கு ஒரு குழுவாக, சம்பளம் வாங்காத காவலர்கள் அங்கே தங்கிப் பார்த்துக்கொள்கிறார்கள். காவல்படை ஆட்கள் 1994-இல் வெளியேறிய பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் தன்னார்வலர் சங்கம் தொடங்கிய ஏற்பாடு இது. அங்கே ஒரு வாரம் பொறுப்பேற்க விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்ட இந்த அத்தியாயத்தில் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போகிறேன். வாராவாரம் ஆள் மாறும் இடத்தைக் காப்பாற்றுவது தினம் ஒரே வரிசையில் வேலை பார்த்து, பார்த்ததை எழுதி வைக்கும் பழக்கம்தான். தனி ஒருவரின் கைத்திறன் அதற்கு அடுத்தபடிதான். ஓடி ஓடி உழைத்துவிட்டு ஒரு வரியும் எழுதாமல் போகிறவரைவிட, அளவாக உழைத்து ஒழுங்காக எழுதிவிட்டுப் போகிறவர் அந்த இடத்துக்கு அதிகம் பயன்படுகிறார்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்குவிம் என்ற ஊருக்கு அருகே, கரையிலிருந்து கடலுக்குள் சுமார் ஐந்தரை மைல் நீளத்துக்கு ஒடுங்கிய மணல்திட்டு ஒன்று போகிறது. அரிச்சல்முனை வரை போய் தனுஷ்கோடி மணலைப் பார்த்தவர்களுக்கு இதைக் கற்பனை செய்வது எளிது. ஆனால் இங்கே சாலை இல்லை, தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும் குளிர், கரையெங்கும் காட்டு மரங்கள் அடித்து வரப்பட்டுக் குவிந்து கிடக்கும். அந்தத் திட்டின் நுனிக்கு அருகே 1857 டிசம்பர் 14 அன்று விளக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. அன்று திட்டின் முடிவு கோபுரத்திலிருந்து ஆறில் ஒரு பங்கு மைல் தூரத்தில் இருந்தது. மணல் சேர்ந்து சேர்ந்து இன்று ஏறத்தாழ அரை மைல் ஆகிவிட்டது. கோபுரமோ எதிர்த்திசையில் போயிருக்கிறது. 90 அடிக்கு மேல் எழுந்து நின்றதைச் சுவரில் கண்ட விரிசல்களால் 1927-இல் 63 அடியாகக் குறைத்தார்கள். நீங்கள் ஏறப்போகும் 74 படிகளும் அந்தக் குறைந்த உயரத்துக்கானவை.

இந்த இரண்டு தகவலையும் வரலாற்றுச் சுவைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் பொறுப்பேற்கும் இடத்தில் தரையும் அசைகிறது, கட்டடமும் அசைகிறது. எதுவும் ஒரே நாளில் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதோடு, திட்டு முழுவதும் 1915 முதல் வனவிலங்குப் புகலிடம். சில பகுதிகளில் மனிதக் காலடியே படக்கூடாது. காவலர் என்பதால் உங்களுக்கு விலக்கு எதுவும் இல்லை.

“விளக்கு தானே எரியும்போது ஆள் எதற்கு?”

நியாயமான கேள்வி. ஆண்டுக்கு இரண்டு முறை ஒப்பந்தக்காரர் ஒருவர் வந்து பூசி, வெள்ளையடித்து, பூட்டிவிட்டுப் போனால் போதாதா? செலவும் குறையும், ஆபத்தும் குறையும் என்பது இந்த வாதம். இதன் பலவீனம் தண்ணீரில் இருக்கிறது. உப்புக் காற்று வீசும் இடத்தில் செங்கல் கட்டடம் பெரும்பாலும் சிறு கசிவால்தான் கெடுகிறது. சன்னல் சட்டத்தின் மூலையில் பூச்சு விட்டுப்போகும், அதன் வழியே மழை இறங்கும், உள்சுவரில் உள்ளங்கை அளவு ஈரம் தெரியும். அன்றே பார்த்தால் ஒரு துணியும் கொஞ்சம் பூச்சும் போதும். ஆறு மாதம் கழித்து வரும் ஒப்பந்தக்காரர் பார்க்கும்போது காரை உதிர்ந்து, சட்டம் உளுத்திருக்கும். அவர் நன்றாகத்தான் வேலை செய்வார். ஆனால் பழைய சுவரை இடித்துப் புதிது வைப்பார். பழமையைக் காக்க வந்த இடத்தில் அந்த அளவுக்குப் பழமை குறைந்துவிடும்.

அரசுகளின் அனுபவமும் இதையே சொல்கிறது. தானியங்கி விளக்குகள் வந்து காவலர்கள் வெளியேறிய நிலையங்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையாகத்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 2000-இல் வரலாற்றுக் கலங்கரை விளக்கங்களைக் காக்கும் சட்டத்தை இயற்றியது. உபரியாகிவிட்டவற்றை, பராமரிக்க முன்வரும் உள்ளாட்சிகளுக்கும் லாப நோக்கற்ற சங்கங்களுக்கும் விலையின்றிக் கொடுக்க அது வழி செய்தது. பாஸ்டன் கலங்கரை விளக்கத்தில் ஆள் இருந்தே ஆகவேண்டும் என்று 1989-இல் தனியாகவே சட்டம் போட்டார்கள். ஆஸ்திரேலியாவில் டாஸ்மேனியாவின் தெற்கே உள்ள மாட்சைக்கர் தீவில் தன்னார்வலர் இருவர் ஆறு மாதம் தங்கி, புல் வெட்டி, கட்டடம் பார்த்து, வானிலைக் குறிப்பும் எடுக்கிறார்கள். ஆளில்லாத கட்டடம் மலிவு என்ற கணக்கை யாரும் கடைசிவரை நம்பவில்லை என்பதற்கு இவை போதும்.

புறப்படும் முன்

நியூ டஞ்சனெஸில் காவலராகத் தங்கச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும், தங்கும் வாரத்துக்குக் கட்டணமும் செலுத்த வேண்டும். “வேலையும் பார்த்து, பணமும் கொடுப்பதா?” என்று வீட்டில் கேட்பார்கள். அந்தப் பணம்தான் வண்டிக்கும் கூரைக்கும் குழாய்க்கும் போகிறது. அதில் உறுத்தல் இருந்தால் கடற்கரையில் வாடகை வீடு எடுத்துத் தங்குவது நல்லது. உங்களுக்கும் நல்லது, கலங்கரை விளக்கத்துக்கும் நல்லது. கோடை வாரங்கள் வெகு முன்கூட்டியே நிரம்பிவிடும் என்பதால் தேதியில் பிடிவாதம் வேண்டாம். கட்டணம், குழந்தைகளுக்கான வயது வரம்பு, எத்தனை பேர் தங்கலாம் என்பதையெல்லாம் சங்கத்தின் நடப்பு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துப்போக நினைத்தால், வருகை விசாவில் இருப்பவர் தன்னார்வ வேலையில் பங்கேற்கலாமா என்பதைச் சங்கத்திடமும் விவரம் தெரிந்த வழக்குரைஞரிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மாடிப்படி ஏற முடியாத முழங்காலோடு வருகிறவருக்கும் கீழே செய்ய வேலை இருக்கிறது.

மூட்டை கட்டும்போது இந்த வரிசையில் போங்கள்:

1. மருந்து. தினசரி மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு அல்ல, பத்து நாளுக்கு எடுங்கள். புயலோ ஓதமோ வண்டியைத் தாமதப்படுத்தினால் மருந்துக்கடை கிடையாது.

2. உடை. உள்ளே ஒன்று, நடுவில் கம்பளி, மேலே காற்றும் மழையும் புகாத சட்டை. ஜூலையிலும் இது வேண்டும். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.

3. சாப்பாடு. உங்கள் உணவு முழுவதும் உங்கள் பொறுப்பு. அரிசி, பருப்பு, ரவை, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், அப்பளம் எல்லாம் கெடாமல் நிற்கும். இரண்டு நாளுக்கான உபரியைத் தனிப் பையில் கட்டி, கடைசி நாள் வரை தொடாதீர்கள்.

4. தலையில் மாட்டும் விளக்கு, ஆளுக்கு ஒன்று. கைபேசி வெளிச்சம் ஏணிப்படியில் உதவாது, ஒரு கை அதற்கே போய்விடும்.

5. ஒரு குறிப்பேடும் பென்சிலும். பேனா மை ஈரத்தில் ஊறும்.

பலரும் செய்யும் தவறு தோசை மாவைக் கொண்டுவருவது. மணலிலும் கூழாங்கல்லிலும் குலுங்கிப் போகும் வண்டியில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிவிடும், பக்கத்துப் பையில் இருக்கும் கம்பளி வீணாகும். அரைக்காத உளுந்தோ பாக்கெட் மாவுப் பொடியோ போதும்.

போய்ச் சேரும் நாளும் பொறுப்பு மாற்றமும்

ஓதம் வற்றியிருக்கும் நேரத்தில் நான்கு சக்கர இழுவை வண்டியில் கடற்கரை வழியாகவே உங்களை அழைத்துப்போவார்கள். நேரத்தை முடிவு செய்வது கடல்தான். அந்தப் பகுதியில் கோடையின் பெரிய வற்று பகலிலும் குளிர்காலத்தின் பெரிய வற்று இரவிலும் வரும். டிசம்பரில் போகிறவர் நள்ளிரவுப் பயணத்துக்கும் தயாராக இருக்க வேண்டும். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் தாமதித்தாலும் எல்லோருக்கும் சிக்கல். ஏறிவரும் தண்ணீர் யாருக்காகவும் நிற்காது.

வண்டியிலிருந்து சாமான் இறங்கும் அந்தக் குழப்பத்தில்தான் வாரத்தின் மிக முக்கியமான வேலை நடந்தாக வேண்டும். வெளியேறும் குழு அதே வண்டியில் திரும்பிப் போகிறது. உங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். சாமானை அடுக்குவதில் அதைச் செலவழிக்காதீர்கள். குழுவில் ஒருவர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, போகிறவர்களோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். தண்ணீர், மின்சாரம், சூடாக்கி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி, தொலைத்தொடர்பு என்ற வரிசையில் ஒவ்வொன்றையும் பார்த்து, கையால் தொட்டு, “இந்த வாரம் இதில் என்ன தொல்லை?” என்று கேளுங்கள். “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்ற பதிலை ஏற்காதீர்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் அந்த வாக்கியத்தில் சொட்டும் குழாயும் ஆடும் கைப்பிடியும் மறைந்துபோகும்.

ஒரு நாளின் வரிசை

சங்கம் தரும் கையேட்டில் உள்ளதே இறுதி. அதற்கு முரண்படாமல், ஒரு நாளை இப்படி வைத்துக்கொள்ளலாம்.

1. சூரியன் எழும்போது வெளியே வந்து காற்றையும் கடலையும் பாருங்கள். அன்றைய ஓத நேரங்களைப் பலகையில் எழுதுங்கள். காற்று மிதமாக இருந்தால் கொடியேற்றுங்கள். துணி கிழிகிற காற்றென்றால் வேண்டாம்.

2. காலை உணவுக்கு முன் ஒரு சுற்று: கோபுரம், காவலர் வீடு, கழிவறைகள், வேலி. நேற்று போன திசையிலேயே இன்றும் போங்கள்.

3. ஒன்பது மணிக்குள் கழிவறைகளும் கோபுரப் படிகளும் சுத்தமாக இருக்க வேண்டும். அதன் பிறகு மாலை ஐந்து வரை பார்வையாளர் நேரம்.

4. ஆள் வராத இடைவெளிகளில் புல்வெட்டு, பித்தளை, சன்னல்.

5. ஐந்து மணிக்குக் கோபுரத்தைப் பூட்டும் முன் ஒருவர் மேலே வரை ஏறி, யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு வர வேண்டும். கீழே நின்று குரல் கொடுப்பது போதாது.

6. சூரியன் மறையும்போது கொடியை இறக்கி, தரையில் படாமல் இருவராக மடியுங்கள். இரவு உணவுக்கு முன் பதிவேடு.

இரண்டாவது படியில் திசையை ஏன் மாற்றக் கூடாது என்று கேட்கலாம். ஒரே வழியில் ஏழு முறை நடந்தவர் கண்ணுக்கு எட்டாவது முறை ஒரு பலகை அரை அங்குலம் விலகியிருந்தால் தெரியும். வழியை மாற்றிக்கொண்டே இருப்பவருக்குத் தினமும் எல்லாமே புதிது. சலிப்பு தட்டும்தான். ஆனால் பழைய காவலர்களும் இந்தச் சலிப்பின் மேல்தான் பணி செய்தார்கள். காலை பத்து மணிக்குள் எல்லாவற்றையும் துடைத்து, திரி திருத்தி, மாலை ஏற்றுவதற்கு ஆயத்தமாக வைக்க வேண்டும் என்பது அக்கால அமெரிக்கக் கலங்கரை விளக்க வாரியத்தின் விதி. தினக்குறிப்பு எழுதுவதை 1872-இல் கட்டாயமாக்கினார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் இருந்தவருக்கே வரிசையும் பதிவேடும் தேவைப்பட்டன. ஏழு நாள் மட்டும் இருக்கிறவருக்கு அவை எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

பித்தளை துலக்குவது

பழைய காவலர்கள் அதிகம் வெறுத்த வேலை இது. இன்று வீண் அலங்காரம் போலத் தோன்றும். அப்படியல்ல. பழைய பனியன் துணியைச் சிறு சதுரமாகக் கிழித்துக்கொள்ளுங்கள். கையுறை போட்டு, சன்னலைத் திறந்துவிட்டு, பிராஸோ போன்ற மெருகுத் திரவத்தைத் துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மட்டும் எடுங்கள். கைப்பிடியில் ஒரு சாண் நீளத்தை மட்டும் தேய்த்தால் துணி கறுத்து வரும். அது காய்ந்து வெள்ளைப் பொடியாகும் முன் வேறு துணியால் துடைத்துவிட்டு அடுத்த சாணுக்குப் போங்கள். மூலையிலும் திருகாணித் தலையைச் சுற்றியும் பச்சையாகப் படிந்திருப்பதைப் பழைய பல்துலக்கியால் எடுக்கலாம். இரும்பு நார் தொடவே கூடாது. அந்தக் கீறலில்தான் அடுத்த வாரம் உப்பு உட்காரும்.

பளபளப்பைவிடப் பெரிய பயன், சாண் சாணாகப் போகும்போது ஒவ்வொரு திருகாணியும் உங்கள் விரலடியில் வருகிறது என்பது. தளர்ந்தது எது, சுவரோடு சேரும் இடத்தில் துரு இறங்குவது எங்கே என்று துலக்குகிறவருக்குத்தான் முதலில் தெரியும். மெருகிடுதல் உலோகத்தைத் தேய்க்கிறது, தினம் செய்தால் கெடுதல்தானே என்ற மறுப்பும் உண்டு. உண்மை. அதனால்தான் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும். போன வாரம் துலக்கியதை இந்த வாரம் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். எழுதாத குழுவுக்குப் பின் வருகிறவர் அதையே மறுபடி தேய்க்கிறார். ஆர்வமுள்ள கைகளே பழைய கைப்பிடியை மெலியச் செய்துவிடும்.

குறிப்பு: வேறு நிலையங்களில் பழைய பிரெனல் கண்ணாடி வில்லை இன்னும் இருக்கும். அம்மோனியா கலந்த எதையும் அதன் அருகே கொண்டுபோகாதீர்கள். கண்ணாடித் துண்டுகளைப் பிடித்திருக்கும் பழைய மக்கு கெட்டுவிடும். சட்டைப் பொத்தானும் இடுப்பு வாரும் கீறாதிருக்க முற்காலக் காவலர்கள் மேலே துணிக் கவசம் கட்டிக்கொண்டார்கள். அனுமதியும் பயிற்சியும் இல்லாமல் வில்லையைத் தொடவே வேண்டாம்.

பார்வையாளரோடு

வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஐந்து மைல் மணலில் நடந்து களைத்து வருவார்கள், அதே தூரம் திரும்பவும் வேண்டும். அதனால் வரலாற்றைச் சொல்லும் முன் தண்ணீரையும் கழிவறையையும் காட்டுங்கள். எத்தனை மணிக்குப் புறப்பட்டார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓதம் ஏறும் நேரத்தில் நடக்கும் மணல் ஒடுங்கி, மரக்குவியலின் மேல் தவழ வேண்டி வரும். எப்போது திரும்பினால் வழி அகலமாக இருக்கும் என்று பலகையைப் பார்த்துச் சொல்வது நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி.

மேலே அழைத்துப்போகும்போது சிறு குழுக்களாக, பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்குமாறு ஏறச் சொல்லுங்கள். குழந்தைக்கு முன்னால் ஒரு பெரியவர், பின்னால் ஒரு பெரியவர். செங்குத்தான கடைசிப் பகுதியில் இறங்கும்போது முகம் படிக்கட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

கதை சொல்லும்போது இனிமையானதை மட்டும் சொல்லாதீர்கள். கேப்டன் வான்கூவர் 1792-இல் இங்கிலாந்தின் டஞ்சனெஸை நினைத்து வைத்த பெயர், உலகமறிந்த டஞ்சனெஸ் நண்டு எல்லாம் சொல்ல எளிது. அதே மணலில் 1868-இல் ஸ்கலாலம் பழங்குடியினர் சிலர், முகாமிட்டிருந்த சிம்ஷியான் பழங்குடியினரைத் தாக்கிக் கொன்றார்கள். உயிர் தப்பிய பெண்ணொருவர் இந்தக் காவலர் வீட்டில்தான் அடைக்கலம் புகுந்தார். பக்கத்து மணல்கிளைக்குக் கல்லறைத் திட்டு என்றே பெயர். அந்த மண்ணின் ஸ்கலாலம் மக்கள் இன்றும் அருகில் வாழ்கிறார்கள். ஆகவே உறுதியாகத் தெரிந்ததை மட்டும், நிதானமாக, எந்த இனத்தையும் கொடூரமாகச் சித்திரிக்காமல் சொல்லுங்கள்.

ஆபத்து எங்கே இருக்கிறது

அலையின் அருகே கிடக்கும் மரங்களின் மேல் நிற்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். பல டன் எடையுள்ள அடிமரத்தை ஒரு சிறு அலை தூக்கி உருட்டிவிடும். நீரிணையின் தண்ணீர் கோடையிலும் குளிர்தான், நீச்சல் தெரிந்தவர் கைகாலும் சில நிமிடங்களில் மரத்துப்போகும். பழைய வண்ணப்பூச்சை உரசவோ சுரண்டவோ வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். உதிர்ந்த செதில் கண்ணில் பட்டால் இடத்தை எழுதிவைத்துச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். சுழலும் பழைய வில்லைகளைப் பாதரசத்தில் மிதக்கவிட்ட நிலையங்களும் உலகில் பல உண்டு; அங்கே தரையில் வெள்ளி மணி போல ஏதாவது தெரிந்தால் பெருக்காமல், அறையைக் காலி செய்து, பொறுப்பாளரை அழையுங்கள். மின்விளக்கும் அதன் இணைப்பும் காவல்படையுடையவை. அணைந்திருந்தால் தகவல் சொல்வதோடு உங்கள் வேலை முடிந்தது.

யாருக்காவது நெஞ்சுவலியோ எலும்பு முறிவோ வந்தால் நடத்திக் கூட்டிப்போக முயலாதீர்கள். 911-ஐ அழையுங்கள், கடலில் படகு தத்தளித்தால் கடல்வானொலியின் 16-ஆம் அலைவரிசை. காவல்படையின் வான்தளம் போர்ட் ஏஞ்சலஸில், மேற்கே பக்கத்திலேயே இருக்கிறது. உதவி புறப்பட்டதும் ஒருவர் நோயாளியோடும், ஒருவர் தொலைபேசியோடும் இருக்க, மூன்றாமவர் நேரத்தை எழுதட்டும்.

பதிவேட்டில் என்ன எழுதுவது

“அருமையான சூரிய அஸ்தமனம், மறக்க முடியாத நாள்” என்று விருந்தினர் ஏட்டில் எழுதலாம். பதிவேட்டுக்கு வேறு மொழி வேண்டும். நாள், நேரம், இடம், கண்டது, செய்தது, செய்யாமல் விட்டது என்பதே அந்த மொழி. “கோபுரம் ஈரம்” என்று எழுதினால் பயனில்லை. “கோபுரத்தின் முதல் சன்னல், வலது கீழ் மூலை, உள்ளங்கை அளவு ஈரம், நேற்றைய தெற்குக் காற்று மழைக்குப் பின்; பென்சிலால் ஓரம் குறித்திருக்கிறேன்” என்று எழுதினால், அடுத்த வாரக்காரர் அந்தக் கோட்டைத் தாண்டி ஈரம் பரவியிருக்கிறதா என்று பார்ப்பார். (சுவரில் கோடு போடக் கூடாது என்ற விதி இருந்தால் காகித நாடாவை ஒட்டுங்கள்.) முடியாமல் போன வேலையை எழுத வெட்கப்பட வேண்டாம். அதுதான் வருகிறவருக்கு மிகவும் வேண்டிய வரி.

புறப்படும் நாள்

1. முந்தைய மாலையே படுக்கை விரிப்புகள், சமையலறை, குளிர்பெட்டி ஆகியவற்றை முடித்துவிடுங்கள். மிச்ச உணவை அடுத்தவருக்கென்று விட்டுப்போகாதீர்கள். எலிக்குத்தான் அது விருந்தாகும். குப்பையும் உங்களோடு திரும்ப வேண்டும்.

2. வண்டி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மூட்டைகள் வாசலில் இருக்கட்டும். கைகள் காலியாக இருந்தால்தான் வருகிறவரோடு சுற்றி வர முடியும்.

3. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று தலைப்பு போடுங்கள்: உடனே பார்க்க வேண்டியது, இந்த வாரம் பார்க்க வேண்டியது, கண்காணிக்க வேண்டியது. முதலாவதில் ஒன்றும் இல்லையென்றால் “இல்லை” என்று எழுதுங்கள். காலியாக விட்டால் மறந்துவிட்டார்கள் என்றே வருகிறவர் நினைப்பார்.

4. வந்த குழுவிலிருந்து ஒருவரை அந்தப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, புரியாததைக் கேட்க வைத்து, பிறகு வண்டியில் ஏறுங்கள்.